சுன்ஹி பிய்த்துத் தின்ற ரொட்டி

நாரின்,
ஆகஸ்ட் 19, 2020

என் தங்கம் அக்மாரலுக்கு, அம்மா புருல்கான் ஆயிரம் முத்தங்களோடு எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம், குதிரையும் ஆடுகளும் நலம். மங்கோலியாவில் நீயும் உன் திருச்சபைப் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவன் அருள் செய்யட்டும். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு திரியாதே.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன், கோபிக்காதே. ஜூலையில் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்து நெஞ்சை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நடைபாதையில்கூட இடமில்லை. ஆக்சிஜன் கருவி ஒன்று இங்குள்ள உங்கள் சபையில் இருப்பதாகச் சொன்னார்கள். உன் அப்பாவைத்தான் தெரியுமே. நீ மார்க்கம் மாறி ஊழியத்துக்குப் போன நாளிலிருந்து மூன்று வருஷமாக உன் பெயரையே சொல்லாத மனுஷன், "அந்தச் சபைக்காரங்க நிழல்கூட என் வாசல்ல விழக்கூடாது" என்று சபதம் போட்டவர். என் உதடு நீலம் பாரித்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு அவரே போய்ச் சபைக் கதவைத் தட்டினார்.

கொரியாக்காரி சுன்ஹி கருவியோடு ஓடிவந்தாள். நோய் பரவியதும் அவள் நாட்டு விமானம் வந்து அவர்கள் ஆட்களையெல்லாம் அழைத்துப்போனபோதும் "எனக்கு இங்கதான் வேலை" என்று தங்கிவிட்டவள். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு. மூக்கில் குழாயை மாட்டிவிட்டுக் கிளம்பினால், இவர் வாசலில் ரொட்டியோடு வழிமறித்து, "எங்க ரொட்டியில வாய் வைக்காம போறதுன்னா கருவியையும் தூக்கிட்டுப் போ" என்கிறார்! அடப்பாவி மனுஷா, உள்ளே நான் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறேன், இவருக்கு வந்தவள் ரொட்டியைத் தொடாமல் போனால் மரியாதைக் குறைவாம்! "கவசத்தக் கழட்டக்கூடாது அண்ணா" என்று அவள் கெஞ்சினாள். இவர் அசையவில்லை. அவள் தொழுவத்துப் பக்கம் தள்ளிப்போய், காற்றோட்டத்தில் நின்று, கவசத்தை இறக்கி ஒரு துண்டு பிய்த்துத் தின்றாள். மென்றுகொண்டே, "எங்கப்பா தன் ரொட்டியத் தின்னவங்கள விரோதியா நினைக்கமாட்டாருன்னு உங்க மக சொல்லியிருக்கா" என்றாள். இவர் வழியை விட்டு விலகி நின்றார்.

பதினொரு நாள் அந்தக் கருவி என் தலைமாட்டில் ஓடியது. அவளும் தினம் வந்தாள். நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புண்ணியவதி இல்லாவிட்டால் நான் ஏது? என் தொழுகையில் அவள் பெயர் இல்லாத நாளில்லை.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குமுன் கம்பளிக் காலுறை வாங்கிக்கொள், மறக்காதே. நீ போகும் வழியெல்லாம் வெளிச்சமாயிருக்கட்டும். என் கை இன்னும் நடுங்குகிறது, பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதியது யார் என்று கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். திட்டிய இடங்களையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே எழுதிவிட்டார். உன் பெயரை எழுதத்தான் வெகுநேரம் பிடித்தது.

உன் அம்மா,
புருல்கான்

அப்பாவும்.