உள்ளே ஒன்றுமில்லாத பாலம்

1961 ஜூலை 12, புதன்

ஓடைப் பாலத்தை அறுத்துப் போட்டது நான்தான். ஒரே மரம்தான் பாலம். மேலே பட்டை முழுசாக இருந்தது. அடியில் கறையான் தின்ற பொந்துக்குள் என் கை முழங்கை வரை போனது. அதன்மேல்தான் அக்காவும் மற்றப் பெண்களும் தினமும் தேயிலைக் கொழுந்து சுமந்து நடக்கிறார்கள்.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. இன்று காலை அரசாங்க அதிகாரி பார்வையிட வந்தார். கண்டாக்கு பாலத்தில் கைவீசிப் போய்த் திரும்பிக் காட்டினார். அதிகாரி கரையில் குடைபிடித்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

“பொம்பளைங்க நனைஞ்ச கொழுந்து மூட்டையோட நடக்குறாங்கய்யா” என்றேன்.

“தச்சப் பயலுக்கு வாயப் பாரு! மரம் என்னையத் தாங்குச்சா இல்லையா?” என்றார் கண்டாக்கு. அதிகாரி சிரித்தார்.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பிய பிறகு ரம்பத்தோடு போனேன். ஒரு விரல் அளவு அறுத்ததும் ரம்பம் வெறும் காற்றில் ஓடியது. இனிப் புது மரம் போட்டுத்தான் ஆகவேண்டும். போடுவார்களா, தெரியவில்லை. தோட்டத்து ரம்பம் என் பொறுப்பில்தான் இருக்கிறது. காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அக்காவுக்கு எதுவும் தெரியாது. ரொட்டியைத் தட்டில் போட்டுக்கொண்டே திட்டினாள்.

“எந்தக் கட்டையில போறவன் பாலத்த அறுத்தானோ! நாளைலருந்து கொழுந்தத் தூக்கிக்கிட்டு ஒரு மைலு சுத்தணும். அவன் கை வெளங்காமப் போக!”

“சம்பல் இருக்கா அக்கா?” என்று கேட்டேன்.

கை வலித்தது. அந்தக் கையாலேயே சாப்பிட்டேன்.