தங்கை பயணியாய் வந்தாள்

ஏப்ரல் 5, 2024

பிரியேனே பழநகர வாசலில் இன்று நாற்பத்தொரு டிக்கெட் பார்த்து அனுப்பினேன். ஓர் இத்தாலியர் பாதிப் படியிலேயே திரும்பி வந்து, “லிஃப்ட் இல்லையா?” என்றார். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்பு கட்டிய கிரேக்கர்களுக்கு அந்தப் புத்தி இல்லாமல் போச்சு, என்ன செய்ய!

சாயங்காலம் நோன்பு திறந்ததும் பக்கத்து வீட்டு ஸெஹ்ரா ஓடி வந்தாள். “மெலாஹத் அக்கா, உன் தங்கச்சி நிகார் ஜெர்மனியிலேர்ந்து வர்றாளாம்! ஜெர்மன் தோழிகளோட. குஷாதாசி கடற்கரையில ஹோட்டல்.”

தேநீரைக் கொட்டிவிட்டேன். அவளைப் பார்த்து ஒன்பது வருஷம்.

ஏப்ரல் 6

ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் அம்மா இறந்துபோனாள். அன்றே பிற்பகல் தொழுகை முடிந்ததும் அடக்கம் பண்ணச் சொன்னது நான்தான். நிகார் அப்போது விமானத்தில். வந்து இறங்கியவள் ஒன்றுதான் கேட்டாள்: “ஒரு ராத்திரி வச்சிருக்க முடியலையா உன்னால?” அதுதானே வழக்கம் என்றேன். அன்று கோபித்துக்கொண்டு போனவள்தான்.

வழக்கமாம் வழக்கம்! காத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஏப்ரல் 9

நாளை நோன்புப் பெருநாள். வால்நட் வைத்து இரண்டு தட்டு பக்லாவா இனிப்பு செய்தேன். “அவ ஹோட்டலுக்கு வந்தாச்சு. முக்கால் மணி நேரப் பயணந்தானே, நீயே போய்ப் பாரேன்” என்கிறாள் ஸெஹ்ரா. நானா? பெருநாளைக்குச் சின்னவள்தான் வந்து பெரியவள் கையை முத்தமிட வேண்டும். வரட்டும்.

ஏப்ரல் 10

கதவு தட்டினால் எல்லாம் மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகள்.

ஏப்ரல் 11

வரவில்லை.

ஏப்ரல் 12

பெருநாள் முடிந்தது. பக்லாவாவை ஸெஹ்ரா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ராங்கிக்காரி! அவ்வளவு கல் நெஞ்சாடி உனக்கு? உன்னைப் பார்க்காமல் என் கண் பூத்துப்போச்சே.

ஏப்ரல் 13

பத்து மணிக்கு ஒரு பேருந்து. ஜெர்மானியர்கள். வழக்கம்போல் “நல்வரவு, நல்வரவு” என்று ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். பன்னிரண்டாவது ஆளுக்குச் சொல்லும்போது நிமிர்ந்தேன். நிகார். தலை பாதி நரைத்திருந்தது.

“இந்த வார்த்தையைச் சொல்ல உனக்கு இத்தனை நாளாச்சாக்கா?” என்றாள். “ஹோட்டல் வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஊருக்கு வந்தவளை இருக்கறவங்கதானே வந்து விசாரிக்கணும்?”

“பெருநாளும் அதுவுமா சின்னவதானேடி பெரியவளைத் தேடி வரணும்?”

இரண்டுமே எங்கள் ஊர் முறைதான். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இரண்டு கழுதைகள்.

தோழிகள் மேலே போனார்கள். அவள் போகவில்லை, என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்: “அன்னைக்கு உனக்காகக் காத்திருந்திருக்கணும். தப்பு என்னுதுதான், நிகார்.” அவள் என் கையை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். அப்படியே வெகுநேரம் விடவில்லை.

மேலே பழைய நாடக அரங்கிலிருந்து கைதட்டல் கேட்டது. யார் வந்தாலும் அங்கிருக்கிற பளிங்கு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்து கைதட்டிப் பார்ப்பார்கள். இறங்கி வந்த ஒருத்தி இவளிடம் ஏதோ கேட்டாள். “ஊர் எப்படி இருந்ததுன்னு கேக்கறா” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஒரு தூணைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரந்தான். இரவு விமானம். பேருந்து போன பிறகும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே போய்விட்டார்கள்.

மே 20

போனதிலிருந்து நிகார் ஒரே ஒரு படம்தான் அனுப்பினாள். அவள் வீட்டுப் பால்கனி. யாரும் இல்லை அதில்.

ஜூன் 16

தியாகப் பெருநாள். இந்தத் தடவை யார் முறை என்று யோசிக்கவே இல்லை. விடிந்ததும் நானே அழைத்தேன். லைன் பிஸி. மறுபடி பிஸி. யாரோடு பேசுகிறாள் இந்நேரத்தில்? மனசு சுருங்கிப்போய் போனை வைத்தேன். உடனே மணி அடித்தது.

“காலங்கார்த்தால யாரோடக்கா பேசிட்டிருக்கே?” என்று சண்டைக்கு வந்தாள். “பத்து நிமிஷமா உனக்குத்தான் அடிச்சிட்டிருக்கேன்!”