வத்தைக்கு ஒரு மோட்டார்

3-3-1947
தம்பி உடையப்பனின் வத்தையில் வந்த மீன் மறுபடியும் அழுகல். நடுக்கடலில் காற்று நின்று, பாய் துவண்டு, பகல் முழுவதும் ஒரே இடத்தில் கிடந்திருக்கிறார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பிய என் தம்பி, விவசாயத்தை விட்டு இந்தச் சின்னப் படகை நம்பினான். மணமேல்குடியில் உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

"மோட்டார் வைக்கணும்க்கா. அதுவும் சரிப்படலேன்னா வத்தையை வித்துட்டு மலேயாவுக்குக் கப்பலேறிருவேன்."

அவன் மனைவி செங்கமலம் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

பௌதிகம் படித்து, பள்ளிக்கூடத்தில் அதையே நடத்துகிறவள் என்பதால் தேர்ந்தெடுக்க வேண்டியது நானாம். கல்லூரியில் எஞ்சினைப் படமாக வரைந்திருக்கிறேன். தொட்டதில்லை.

8-3-1947
தம்பியோடு நாகப்பட்டினம். பட்டாளம் கழித்துவிட்ட சாமான்கள் விற்கும் கொட்டகை. இரண்டு இருந்தன. ஒன்று, காரிலிருந்து கழற்றிய எஞ்சின். அதைப் பொருத்தப் படகின் அடியில் துளை போட வேண்டும். மற்றது சிறியது, படகின் பின்பலகையில் மாட்டிக்கொள்ளலாம். பெட்ரோல் டாங்கி அதன் உச்சியிலேயே.

"வெள்ளைக்காரன் சண்டையில ஓட்டினதும்மா. கண்ணை மூடிட்டு எடுங்க."

"கண்ணைத் திறந்துட்டே எடுக்கிறேன். பீப்பாயில தண்ணி ரொப்பி ஓட்டிக் காட்டுங்க."

ஓடியது. பெரியதையும் ஓட்டிக் காட்டினார். சிறியதைத் தேர்ந்தெடுத்தேன். நம் கடல் ஆழமில்லாதது, கரையோரம் பாசி. இதை வேண்டும்போது தூக்கிவிடலாம். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. பெரியதன் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது.

14-3-1947
வெள்ளிக்கிழமை. மோட்டாருக்குப் பூசை. மாலை போட்டாயிற்று. செங்கமலம் சந்தனக் கிண்ணத்தோடு தயங்கினாள்.

"இதுக்கு நெத்தி எது மதினி?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு டாங்கியின் மூடியைக் காட்டினேன். குழைத்து அப்பி, குங்குமமும் வைத்தாள்.

15-3-1947
விடியலில் போனார்கள், தம்பியும் குழந்தைசாமியும். குழந்தைசாமி பிறந்ததிலிருந்து கடலில் இருப்பவர். அவர் சொல்லியும் கேட்காமல் பாயையும் பாய்மரத்தையும் கரையில் இறக்கி வைத்துவிட்டான் தம்பி. "மோட்டார் வாங்கினப்புறம் பாய் எதுக்கு?" நானும் வாதாடினேன். போதுமான அளவு வாதாடினேனா?

உச்சிப்பொழுதுக்குள் திரும்ப வேண்டியவர்கள். பொழுது சாய்கிறது. காற்று இல்லை. கடல் தட்டுப்போல் கிடக்கிறது. வேறு எந்தப் படகும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

பெரியதை எடுத்திருக்கலாமோ.

16-3-1947
வரவில்லை. செங்கமலம் விடிந்ததிலிருந்து கரையிலேயே நிற்கிறாள். என்னைத் திட்டினால் தேவலை.

மாலை. வந்துவிட்டார்கள். வேறொரு வத்தை, இருந்த கொஞ்சக் காற்றில் இழுத்து வந்தது. தம்பியின் உதடு வெடித்திருக்கிறது. "கொஞ்சம் ஓடுறது, நிக்கிறது. டாங்கியைத் தட்டிப் பார்த்தோம், எண்ணெய் நெறைய இருந்துச்சு." என்றார் குழந்தைசாமி. தம்பி நேரே தண்ணீர்ப் பானைக்குப் போனான்.

17-3-1947
பீப்பாயில் வைத்து ஓட்டினேன். ஓடியது, செத்தது. உள்ளே பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திருகினேன் — புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மறுபடி ஓடியது. மூடினால் செத்தது.

மூடியில் ஊசிமுனை அளவு துளை. அதில் காய்ந்த சந்தனம்.

மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது. காற்று புக இன்னொன்று வேண்டும். வகுப்பில் எத்தனை முறை செய்து காட்டியிருக்கிறேன்! பெட்ரோல் இறங்காமல் மோட்டார் மூச்சு முட்டி நின்றிருக்கிறது. அடச் சீ. அந்த மூடியைக் காட்டினது எந்தக் கை?

18-3-1947
"கடல் ஏத்துக்கலை மதினி. வித்துருங்க. மலேயாவுக்கே போகட்டும், உசிரோட இருந்தாச் சரி" என்றாள் செங்கமலம்.

சொல்லாவிட்டால் அவள் பயம் தீராது. சொன்னால் தன் விரலே புருஷனைக் கொல்லப் பார்த்தது என்று எடுத்துக்கொள்வாள். நான் காட்டிய இடம் என்பதை முதலில் சொல்லி, பிறகு மற்றதைச் சொன்னேன்.

மூடியை வாங்கித் துளையை வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு, "அம்புட்டுப் படிச்சவுக, ஓட்டை இருக்குன்னு பாக்க வேண்டாமா?" என்றாள்.

"பாத்திருக்கணும்" என்றேன்.

"அப்பச் சரி. நீங்களும் ஏறிப் போங்க. நீங்க திரும்பி வந்தா நம்புறேன்."

"பொம்பளை ஏறினா மீன் படாதுங்களே" என்று வாசலிலிருந்து இழுத்தார் குழந்தைசாமி.

"மீன் வேணாம். ஆளு வந்தாப் போதும்."

20-3-1947
துளையை ஊசியால் சுத்தம் செய்துவிட்டுப் போனேன். பாயும் கூடவே வந்தது. நெடுக எனக்கு வாந்தி. "டீச்சரம்மா மீனுக்கு இரை போடுறாங்க" என்றார் குழந்தைசாமி. தம்பி பல நாளுக்குப் பிறகு சிரித்தான். மோட்டார் நிற்கும், நிற்கும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. கரையில் செங்கமலம் முழங்கால் நீரில் நின்றிருந்தாள்.

2-4-1947
காற்றில்லை. உடையப்பன் கடலுக்குப் போயிருக்கிறான். செங்கமலம் உளுந்து அரைத்துக்கொண்டே, வீட்டுக் கோழி யார் வீட்டில் போய் முட்டையிடுகிறது என்று என்னிடம் வழக்காடிக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.