மூலப் படங்களை மட்டுமே உபயோகிக்கவும்

1931 ஜூலை 6, திங்கள்

காலை முதல் மேல்காற்று. மழை இல்லை, தூறல் மட்டும். பள்ளிக்கூடக் கூரையில் ஓடு பறந்தது. தலைமை ஆசிரியர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. போகட்டும்.

வாங்க: மசி, வள்ளிக்குக் கண் மருந்து.

பிரசுரக்காரர் ஜாபிதா. எங்கள் பிள்ளைப் பாட்டுப் புத்தகத்துக்காக, பாடப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் விலாசம் பார்த்து நான் எழுதியவர்களிடமிருந்து வந்த பதில்கள்:

சென்னை, பெரிய கம்பெனி — பாடப் புத்தகம் மட்டுமே. கூடவே தங்கள் விலைப்பட்டியல். நான் கேட்கவில்லை.

சென்னை, வேறொருவர் — சீமையிலிருந்து வாங்கிய பழைய பிளாக்குகள், படம் அச்சடிக்கும் கட்டைகள், கைவசம் இருக்கின்றனவாம். உறைபனியில் சறுக்கும் பிள்ளைகள், குதிரை மேல் நரி வேட்டை. அவற்றுக்குத் தமிழ்ப் பாட்டு எழுதித் தர முடியுமா என்கிறார். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கு உறைபனி! பதில் போடவில்லை.

கோயமுத்தூர் — 'படங்களை நீக்கிப் பாட்டை மட்டும் அனுப்பவும்.'

மதுரை — பதிலே இல்லை.

மிச்சம் ஒன்று. பாலக்காட்டில் புத்தகக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒரு சிறிய சென்னை அச்சுக்கூடத்துக்கு ஏஜண்டு. சனிக்கிழமை போக வேண்டும்.

படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆனை, எருமை, கருங்குரங்கு, இருவாச்சிப் பறவை. எல்லாம் என் மனைவி வள்ளி போட்டவை. கட்டைப் பேனாவும் கறுப்பு மசியும்தான். இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், 'பாத்தேன், போட்டேன்' என்பாள். வலக்கண் போன வருஷமே போய்விட்டது. இடக்கண்ணிலும் நரம்பு வற்றுகிறதென்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி ஒன்று போட முடியாது. கண் இருக்கும்போதே புத்தகம் வர வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 8, புதன்

கோ. (கோவிந்தன் மாஸ்டர்) ஆசிரியர் அறையில், நான் உள்ளே வருவது தெரிந்தே:

"ஏனுங்க, புள்ளை இல்லாத ஊட்டுல புள்ளைப் புஸ்தகம் எழுதறாங்களாமா. படிக்கறது ஆரு, பூனையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன். இவன்தான் என் இலக்கணக் குறிப்புகளை 'நகல் எடுத்துக்கொண்டு தருகிறேன்' என்று வாங்கிப் போய், தன் பெயரில் அச்சடித்தவன். மூன்றாம் பதிப்பு ஓடுகிறது.

ராத்திரி மோர் மட்டும்.

ஜூலை 11, சனி

பஸ்ஸில் பாலக்காடு. கூட்டம், பக்கத்தில் கோழிக்கூடை.

ராவுத்தர் படங்களைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாஷே, இந்தக் குரங்கு நம்மளெத் திருடன்னு நெனச்சுப் பாக்குதே! யாரு போட்டது?"

"என் மனைவி."

"பாட்டு?"

"நான்."

"பாட்டெ அப்புறம் படிச்சுக்கலாம்" என்று கீழே வைத்துவிட்டார். இதைக் குறித்து வைக்கிறேன்.

அச்சுக்கூடத்தார் மரத்தில்தான் பிளாக் வெட்டுவார்களாம். மெல்லிய காகிதத்தில் படத்துக்கு நகல் எடுத்து, அதை மரத்தில் ஒட்டி வெட்டுவது வழக்கமாம். நகல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. ஒரு கோடுகூட நகல் எடுக்கக் கூடாது என்றேன்.

"நகல் எடுக்காம எப்பிடி மாஷே?"

"எப்படியோ. படத்தை யாரும் நகல் எடுத்து வைத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன்."

"உங்களுக்கு எல்லாரு மேலயும் சந்தேகம். சரி, உங்க கையாலேயே எழுதிக் கொடுங்க. பின்னாடி என்னெச் சொல்லக் கூடாது."

எழுதிக் கொடுத்தேன். 'யாதொரு நகலும் எடுக்கலாகாது. மூலப் படங்களை மட்டுமே உபயோகிக்கவும்.' அடியில் கோடும் போட்டேன்.

கண் மருந்து வாங்க மறந்துபோனேன்.

ஜூலை 29, புதன்

ராவுத்தரிடமிருந்து கார்டு. எடுத்துக்கொண்டார்கள்! பிளாக் வெட்ட ஆரம்பித்தாயிற்றாம். கோ.வின் மேஜை மேல் கார்டைக் கவனக்குறைவாக வைப்பது போல் வைத்துவிட்டு வந்தேன். படித்தான். பகல் முழுவதும் மனசு லேசாக இருந்தது.

வள்ளியிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், விரலால்.

"படம் எல்லாம் எப்பத் திரும்பி வருமுங்க?"

"அச்சானதும்."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. வெயில்ல வெச்சா இன்னும் கோடு தெரியுது."

ஆகஸ்ட் 22, சனி

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். ராவுத்தர் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனேன்.

மேஜை மேல் ஒரு பிளாக், ஆனை. பக்கத்தில் சென்னைக் கடிதம். ராவுத்தர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"படம் ஜோராருக்காம். பாட்டுதான் வேண்டாங்குறாங்க. புள்ளைங்க பாட்டுல இத்தனெ கசப்பு ஆகாதுங்குறாங்க, மாஷே."

எந்தப் பாட்டு என்று கேட்டேன். குரங்குப் பாட்டாம்.

குரங்கு வந்தது, கூடையைப் பறித்தது;
பறித்தவன் பெயரே பாட்டில் நின்றது.

இதில் என்ன கசப்பு?

வேறு பாட்டுப் போட்டு, படத்துக்கு வள்ளி பெயர் போட்டுப் புத்தகம் வெளியிடுவார்களாம். என் சம்மதம் வேண்டுமாம். பாட்டு யார் எழுதுவது?

"வழக்கமா எழுதுறவரு. உங்க கோவிந்தன் மாஸ்டரு."

படங்களைக் கொடுங்கள், போகிறேன் என்றேன். ராவுத்தர் பிளாக்கைத் தொட்டுக் காட்டினார்.

"இதான் படம். நீங்க எழுதின மாதிரியே, நகல் எடுக்காம, மூலத்தெயே ஒட்டி வெட்டிட்டாங்க. காயிதம் உளியோட போயிரும் மாஷே. அத்தனெயும் போச்சு."

குனிந்து பார்த்தேன். மரத்தின் ஓரத்தில் விரல்நகம் அளவு காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மசி.

பிளாக்குகள் அவர்கள் செலவில் வெட்டியவை, ஆகவே அவர்கள் சொத்து. தொழில் வழக்கமாம். சம்மதிக்காவிட்டால் கட்டி மூலையில் போடுவார்கள். ஆனையை மட்டும் ராவுத்தர் கெஞ்சி இரவல் வாங்கி வைத்திருக்கிறார். வள்ளிக்குக் காட்டிவிட்டுத் திருப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

காலையில் சொன்னேன். படங்கள் இல்லை என்பதை, ஏன் இல்லை என்பதை. பாட்டு மாறுவதையும் கோ.வின் பெயரையும் சொல்லவில்லை.

வள்ளி கை நீட்டினாள். பிளாக்கை மடியில் வைத்துத் தடவினாள். தும்பிக்கை, கொம்பு, காது. காதில் ஒரு கிழிசல் போட்டிருந்தாள், அதில் விரல் நின்றது.

"என்ற ஆனை அந்தப் பக்கமல்லங்க பாத்துச்சு?"

"அச்சில் திரும்பிக்கொள்ளும்."

"அப்பச் செரி."

கூரை எரவாணத்தில் அணில்.

"நகலெடுத்தா என்னங்க போயிருக்கும்?"

அணிலை விரட்ட எழுந்தேன். அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். பிளாக்கைக் கீழே வைக்கவே இல்லை.

சாயங்காலம் சொன்னாள்: "புஸ்தகம் எப்படியும் வந்துருமில்லீங்க? அது போதும். இனி எனக்குப் பாக்கவா போகுது. நீங்க பாட்டைப் படிங்க, நான் படம் எங்கிருக்குதுன்னு தொட்டுக்கறேன்."

ஆகஸ்ட் 24, திங்கள்

தலைவலி. லீவு.

கோ.வின் பாட்டு, அவள் ஆனைக்கு. ஊர் முழுக்கப் பிள்ளைகள் அவன் பாட்டைக் கத்திக்கொண்டு போவார்கள். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மறுப்பு, வசவு, வழக்குப் போடுவதாக மிரட்டல். மூன்றும் நல்ல நடை.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

மறுபடி தூறல். தபாலாபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன். ஒரே வரி: 'சம்மதம். படத்துக்கு என் மனைவியின் முழுப் பெயரும் போடவும்.' ஆனைப் பிளாக்கை வைக்கோல் சுற்றி ராவுத்தருக்கு அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளி கேட்டாள்:

"பாட்டு உங்களுதுதானுங்களே?"

என்னுடையதுதான் என்றேன். குரங்குப் பாட்டைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சிரித்தாள்.

இனி என் பாட்டுப் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். புத்தகம் வந்தால் பார்த்துப் படிக்க முடியாது.