எந்தத் தெருவில் தங்கலாம்?

மார்ச் 3

அடியே வாயாடி,

சௌக்கியம்தானே? போனில் கூப்பிட்டால் பாதிப் பேச்சில் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

எக்ஸ்ரே மெஷின் சர்வீஸுக்காக இனி மாதம் நாலு நாள் உன் ஊருக்கு வர வேண்டும். நோயாளிகள் வருவதற்குள் மெஷினைத் திறந்து பார்த்து மூடிவிட வேண்டும். ஆகவே காலை ஐந்தரைக்கெல்லாம் கருவிப் பெட்டியோடு தெருவில் நடக்கப்போகிறேன். ஆபீஸில் ஆண்கள் ஒரு லாட்ஜ் சொல்கிறார்கள். அவர்களுக்கு எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

உன் வீட்டில் தங்கவா என்று கேட்கவில்லை, பயப்படாதே. தனியாக ஒரு பெண் தங்க எந்த ஏரியா பத்திரம் என்று மட்டும் சொல். ஹாஸ்டல் நாளில் நாம் ரூம் தேடும்போது, வீட்டுக்காரரிடம் பேசும் முன்பே தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்று, தனியாகப் போகிற பெண்களை எண்ணுவாயே. உன் கண்ணை நம்பித்தான் வருகிறேன்.

உன் நெட்டச்சி

மார்ச் 9

என் நெட்டச்சிக்கு ஆயிரம் முத்தம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வீட்டுக்கு வா என்று சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஊர் ஊராகப் போகிற பெண் என்றால் இவருக்கு ஆகாது.

ஸ்டேஷன் பக்கம் வேண்டவே வேண்டாம். நூலகத்துக்குப் பின்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு தங்கு. தையல் கம்பெனிப் பெண்கள் விடியும் முன்பே கூட்டமாக நடப்பார்கள். பால் பூத் அக்கா நாலரைக்கே விளக்கைப் போட்டுவிடுவாள். மாடி அறையாகக் கேள். உள்தாழ்ப்பாளை நீயே போட்டுப் பார். இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரி. போன வாரம்கூட அந்த வழியாகத்தான் போனேன்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே.

உன் வாயாடி

மார்ச் 27

வாயாடி,

தையல் கம்பெனியை மூடி எட்டு வருஷமாகிறதாம். பால் பூத் இருந்த இடத்தில் துருப்பிடித்த ஷட்டர். போய் இறங்கியபோதே தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வாயாடி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தங்கினேன்.

இரண்டாம் நாள் காலை ஒருவன் பின்னாலேயே வந்தான். நான் நின்றால் அவனும் நின்றான். திருப்பத்தில் முதலில் பெட்டியைப் பிடித்து இழுத்தான், பிறகு என் கையை. பெட்டியாலேயே அவன் முழங்காலில் ஒன்று போட்டுவிட்டு ஓடினேன்.

"அந்தத் தெருவுல ஏம்மா வந்தீங்க? இந்நேரத்துல ஆம்பளைங்களே நடக்க மாட்டாங்களே" என்றார் ஆஸ்பத்திரி வாட்ச்மேன். அன்று ஒரு ஸ்க்ரூவைக்கூட என்னால் திருப்ப முடியவில்லை. மத்தியானம் வரை நோயாளிகள் காத்திருந்தார்கள்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன் என்று எழுதினாயே. உண்மையாகவே போனாயா?

நெட்டச்சி

ஏப்ரல் 4

நெட்டச்சி,

போகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, இந்தப் பத்து வருஷத்தில், நான் தனியாக வாசலைத் தாண்டியதே இல்லை. காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போகிற இடத்துக்குப் போய்வருகிறேன். எந்தக் கடை இருக்கிறது, எது போய்விட்டது, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஊரையே கரைத்துக் குடித்தவள் என்று என்னை நினைக்க நீ ஒருத்திதான் மிச்சம். உன்னிடம் போய்த் தெரியாது என்று எழுதக் கூச்சமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு இங்கே நடந்து திரிந்த ஞாபகத்தை வைத்து எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தை அவர் படித்துவிட்டார். "தனியா சுத்துற பொம்பளைங்களுக்கு இதான் நடக்கும், பாத்துக்கோ" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். என் நிலைமையை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? இங்கே நான் படுகிற பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதலாம். இப்போதைக்கு மன்னித்தேன் என்று ஒரு வரி போடு.

உன் வாயாடி

ஏப்ரல் 15

வாயாடிக்கு,

தெரியாத தெருவைத் தெரியும் என்று சொன்னதை மன்னித்துவிட்டேன். கூச்சம் எனக்கும் புரியும். சிரித்ததைக்கூட நாளாக ஆக மன்னித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். உன் கூச்சம் இருக்கிறது, உன் வீடு இருக்கிறது, உன் பாடு இருக்கிறது. எனக்கு அடிபட்டதா என்று நீ கேட்கவே இல்லை.

தோள்பட்டை விலகியிருந்தது. இப்போது பரவாயில்லை.

நர்ஸ்களைக் கேட்டு அறை பிடித்துவிட்டேன். ஒரு நர்ஸ் லீவு நாளில் என்னோடு கூடவே நடந்து வழி காட்டினாள். முன்பின் தெரியாதவள். மாதாமாதம் வருவேன், நாலு நாள் தங்குவேன். உன்னை அந்த வீட்டில் அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் மனசு கேட்காது. இருந்தாலும் உன்னைப் பார்க்க வரமாட்டேன்.

எந்தத் தெரு என்று உனக்கு எழுதப்போவதில்லை. உனக்குச் சொன்னால் அவருக்குச் சொன்ன மாதிரி.

இப்படிக்கு,
பழைய ரூம்மேட்