ஊர்க்கோடியில் ஒரு காலி மனை

தர்மினி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழைக்கு மூங்கில் கூரை ஒழுகவில்லை. டென்பசார் ஓட்டலில் வேலை ஜாஸ்தி, இந்த மாதமும் வரமுடியாது என்று எழுதியிருந்தீர்கள். சரி.

பாலி பார்க்க வந்தவர்கள் நேற்றும் ஒரு பஸ் நிறைய நம் ஊருக்கு வந்தார்கள். ஊர்க்கோடியில் இருக்கும் காலி மனை முன்னால் நிறுத்தி, அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் உங்கள் தம்பி கெத்துட் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"ரெண்டாவது பொண்டாட்டி கட்டுறவனை எங்க ஊரு இங்கதான் குடிவைக்கும். கோயில் பக்கமே வரக்கூடாது. இதுவரைக்கும் ஒருத்தனும் வரல. ஒண்ணை வெச்சுக்கிட்டே நாக்கு தள்ளுது!"

எல்லோரும் சிரித்தார்கள். இலைச்சாறு விற்றுக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. கூட்டம் நகர்ந்ததும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்த மனையில தண்ணி வசதி இருக்கா?"

குழந்தையின் இடது காது உங்களுடையதைப் போலவே மேலே மடங்கியிருந்தது. அவளுக்கு ஒரு டம்ளர் சாறு கொடுத்தேன். "பக்கத்துலயே ஓடை இருக்கும்மா" என்றேன்.

இன்று காலை அரிவாளோடு போய் அங்கே புல் அறுத்துவிட்டு வந்தேன். குடிசையை ஊர்க்காரர்களே போட்டுத் தருவார்கள், அதுதானே வழக்கம். வரும்போது கோயில் தெருவில் வராதீர்கள், பின்பக்கமாக வாருங்கள். உங்கள் துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தர்மினி கொண்டுவந்து தருவாள்.

கெத்துட்டிடம் மட்டும், 'ஒருத்தனும் வரல' என்று இனிமேல் சொல்லவேண்டாம் என்றேன். "ஏன் அண்ணி?" என்று கேட்டான்.

நீங்களே வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தர்மினி அம்மா