உன் பெயரை அழுத்திப் பார்த்துவிட்டேன்

புக்கிட் பெருவாங், மலாக்கா
9 மார்ச் 2025

அன்பு மகள் நளினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டிப் பிந்துலுவில் வேலை பார்க்கும் நீயும் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கிளினிக்கில் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நோன்பு மாதம் என்பதால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நம் முச்சந்தியைக் கடக்க முடிவதில்லை, நோன்புச் சந்தைக்கு அவ்வளவு கார் வருகிறது. பக்கத்து வீட்டுத் திருச்செல்வம் முழங்கால் ஆபரேஷன் முடிந்து திரும்பிவிட்டார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஞாயிறுதோறும் போனில் பேசுகிற அப்பா ஏன் இப்படிக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போன இரண்டு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன்மா, உன் குரலைக் கேட்டதும் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதும்போது நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய்.

தீபாவளிக்கு வந்தபோது உன் பழைய லாப்டாப்பை எனக்கு விட்டுப்போனாயே, அதில் எல்லா வங்கிக் கணக்கையும் ஒரே பக்கத்தில் காட்டுகிற இணையதளம் ஒன்றைத் திறந்து என் மூன்று கணக்கையும் சேர்த்துக் கொடுத்தாய். "அப்பா, இனிமே ஒவ்வொரு பேங்க்கா திறந்து பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு என்னைக் கூப்பிட வேணாம்லா, எல்லாம் ஒரே இடத்துல வந்துரும்" என்று சொன்னாய். நானும் சரி சரி என்று தலையாட்டினேன், நீ போன பிறகு ஒருநாள்கூடத் திறக்கவில்லை. பழக்கம் அப்படி. லூபோக் சீனா தோட்டத்தில் லாரி ஓட்டிய காலத்திலிருந்து ஒரு வங்கிப் புத்தகம் மருந்துச் செலவுக்கு, ஒரு புத்தகம் அவசரத்துக்கு, இன்னொன்று எங்கள் கடைசிக் காரியத்துக்கு என்று தனித்தனியாக வைத்துப் பழகியவன். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது கொஞ்சமாகத்தான் தெரியும், நம்மிடம் ஒன்றுமில்லை என்றே சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன்.

போன மாதம் வீட்டு முன்னால் கூரையை நீட்டிப் புது கேட் போட எட்டாயிரம் வெள்ளி வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன் அல்லவா. "ரெண்டு மாசம் பொறுத்துக்குங்கப்பா" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. தங்கா பத்துவில் உன் அத்தை ராஜம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, நாலாயிரத்துக்கு மேலே சம்பளம் வாங்குகிறாள், அப்பனுக்கு எட்டாயிரம் கொடுக்க மனசு வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே, "பொம்பளப் புள்ள தனியா இருக்கா, காசு எங்க போவுதுன்னு நீதான் பாத்துக்கணும்ணே" என்றாள். அவள் வேறு எதையும் சொல்லவில்லை, மீதியை நானே நினைத்துக்கொண்டேன். யாருக்காவது கொடுக்கிறாயோ, யாராவது உன்னை ஏமாற்றுகிறானோ, இல்லை எங்களுக்குத் தெரியாமல் சேர்த்து வைக்கிறாயோ என்று மோட்டாரில் வீடு வந்து சேர்வதற்குள் மனசு எங்கெங்கோ போனது. எல்லாமே தப்பான பக்கம்தான் போனது.

மறுநாள் திங்கட்கிழமை காலை, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், லாப்டாப்பைத் திறந்தேன். அந்த இணையதளத்தில் இரண்டு பெயர் இருந்தது, தம்புசாமி என்று ஒன்று, நளினி என்று ஒன்று. உன்னுடையதை மூடாமலேயே விட்டுப்போயிருக்கிறாய். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லலாம், ஒரு நாள் முழுக்க எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. உன் பெயர் என்று தெரிந்து, பார்க்கக்கூடாது என்றும் தெரிந்து, உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் அழுத்தினேன். உன் நான்கு வங்கியும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன. சம்பளக் கணக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி. சேமிப்பில் நாற்பது. கிரெடிட் கார்டில் ஒன்பதாயிரத்து அறுநூறு பாக்கி. கடைசியாக ஒரு கடன், இருபத்தையாயிரம் எடுத்ததில் இருபத்தோராயிரத்துச் சொச்சம் இன்னும் கட்ட வேண்டியிருக்கிறது. எடுத்த தேதி போன வருஷம் மே மாதம். பிரவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு. கம்பெனியில் போனஸ் வந்தது, தம்பி கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ அனுப்பினாயே, அந்தப் பணம். மண்டபத்தில் வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, என் மகள் போனஸில் நடக்கிற கல்யாணம் என்று மார்தட்டிச் சொன்னவன் நான். நீ பந்தியில் நின்று சாம்பார் வாளியோடு சிரித்துக்கொண்டிருந்தாய்.

அதோடு மூடியிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். நான் மூடவில்லை. அடுத்த நாளும் திறந்தேன், அதற்கடுத்த நாளும் திறந்தேன், ஐந்து நாள் உன் செலவை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மாதா மாதம் எங்களுக்கு ஆயிரத்து இருநூறு, அறை வாடகை, கடன் தவணை. சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் ஆறரை வெள்ளி, தினமும் அதே கடை, அதே ஆறரை, இரவுக்கு ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாய். ஆனால் டிசம்பரிலேயே விமான டிக்கெட் எடுத்திருக்கிறாய் நளினி. ஜனவரி ஆறாம் தேதி அதை ரத்து செய்திருக்கிறாய், எண்பது வெள்ளிதான் திரும்பி வந்திருக்கிறது. அன்றைக்கே எனக்கு மூவாயிரம் போயிருக்கிறது. கோயில் நன்கொடைப் பலகையில் நம் குடும்பப் பெயர் வர வேண்டும் என்று முந்தின நாள்தான் நான் கேட்டிருந்தேன். பெயர் இப்போது பலகையில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் நடக்கிறேன்.

சனிக்கிழமை காலைதான் என் பெயரை அழுத்திப் பார்க்கத் தோன்றியது. மூன்று கணக்கும் சேர்ந்து கீழே ஒரு தொகை வந்தது. முப்பத்தேழாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். மறுபடி கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. என்னிடம் முப்பத்தேழாயிரம் இருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி வைத்திருக்கிற பிள்ளையிடம் கேட் போடப் பணம் கேட்டிருக்கிறேன். அறுபத்து நாலு வயதில் ஒரு மனுஷன் தன்னைப் பற்றி இப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது.

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் அழுவாள் என்று நினைத்தேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நீயே பார் என்று லாப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேணாம். அது அவளோடது. மூடுங்க" என்றாள். எனக்கு ஐந்து நாளாகத் தோன்றாதது அவளுக்கு ஒரு நொடியில் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்தே, "சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவு பண்றா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். சொன்னேன். அன்று இரவு அவள் எனக்குப் பரிமாறிவிட்டுத் தனக்குத் தட்டு எடுக்கவில்லை.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கூரை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முன்பணம் ஐந்நூறு போனது போனதுதான். அத்தை வீட்டுக்குப் போய் நான் உன்னைப் பற்றிப் பேசியது அத்தனையும் தப்பு என்று, அவள் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் கோயில்ல ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லிட்டேனேண்ணே" என்றாள். யார் யார் என்று கேட்டு அந்த மூன்று வீட்டுக்கும் போனேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். போன ஞாயிறு பிரவின் வந்தபோது அவனிடமும் சொன்னேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடியே நின்று, "அக்கா ஏன்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றான். யாராவது அவளைக் கேட்டோமா என்றேன். மருமகள் அவன் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். மாதம் நானூறு வெள்ளி உன் கார்டுக்கு அவன் கட்டுவான், ஒப்புக்கொண்டிருக்கிறான், நீ வேண்டாம் என்று அவனிடம் பெரிய மனசு காட்டாதே, அவன் கல்யாணம், அவன் கட்டட்டும்.

புதன்கிழமை ஆயர் குரோவில் இருக்கும் வங்கிக்குப் போய் உன் சம்பளக் கணக்குக்கு இருபத்திரண்டாயிரம் மாற்றச் சொன்னேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் தொகையைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிள், யாராச்சும் போன் பண்ணி அவசரமா அனுப்பச் சொன்னாங்களா? இப்ப நிறைய ஏமாத்துறாங்க" என்றாள். இல்லைமா, என் மகளுக்குத்தான் என்றேன். "மகள்தான் கேட்டாங்களா, நல்லாத் தெரியுமா?" என்றாள். அவள் கேட்கவே இல்லைமா, நாங்கள்தான் கேட்டுக்கொண்டே இருந்தோம் என்று சொன்னேன், பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அந்தப் பெண் தாளை என் பக்கம் தள்ளிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். போனில் அந்தப் பணம் என்ன என்று நீ கேட்டதாகவும், அப்பா எழுதுவார் என்று தான் சொன்னதாகவும் அம்மா சொன்னாள். இதுதான் அந்தக் கடிதம். அந்தக் கடனை இந்த வாரமே அடைத்துவிடு, திருப்பி அனுப்பாதே, அனுப்பினால் மறுபடி வங்கிக்குப் போய் அந்தப் பெண் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். ஏப்ரலிலிருந்து எங்களுக்கு மாதம் முந்நூறு போதும், அதுவும் அம்மா பிடிவாதமாக மகள் கையால் ஏதாவது வர வேண்டும் என்று சொன்னதால். பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், காலையும் மத்தியானமும் மட்டும், பேசியிருக்கிறேன். உடம்பு தாங்கும், கவலைப்படாதே.

பணத்தைப் பற்றி எழுதிவிட்டேன், அதுதான் சுலபம். உன் அனுமதி இல்லாமல் உன் அறைக்குள் ஐந்து நாள் நடமாடிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது எனக்கு. உன்னைச் சந்தேகப்பட்டுத்தான் உள்ளே போனேன், அது தெரியாமல் நீ என்னை மன்னித்தால் அந்த மன்னிப்பு எனக்குச் சேராது, அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இல்லை என்று சொன்னால் முகம் சுளிக்கிற அப்பனிடம் எந்தப் பிள்ளை சொல்லும். உனக்குக் கோபம் வந்தால் அதை நல்ல வார்த்தையாக மாற்றாதேமா, வந்தபடியே எழுது, இல்லை போனில் திட்டு. எத்தனை ஞாயிறு பேசாமல் இருந்தாலும் சரி, அம்மாவிடம் மட்டும் பேசிவிடு, அவள் ஒன்றும் செய்யவில்லை.

அம்மா உன்னை ஆசீர்வதிக்கிறாள், இரவில் எதையாவது சூடாகச் சாப்பிடச் சொல்கிறாள். தாயே மாரியாத்தா உனக்குத் துணையிருந்து, நீ நினைத்ததெல்லாம் உனக்காக நடக்க வேண்டும், எங்களுக்காக அல்ல. ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே உன் பாஸ்வேர்டை மாற்றிவிடு. நான் இங்கே உன் பெயரை அழித்துவிட்டேன், இனி திறக்க மாட்டேன், ஆனாலும் நீ மாற்று. புதிது என்னவென்று யாரிடமும் சொல்லாதே, அப்பாவிடமும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னிடம் தலைகுனிந்து நிற்கும் அப்பா
கா. தம்புசாமி